தன் கப்பலைத் தானே மூழ்கடிப்பதேன்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கடலே இல்லாத ஊர் நம்முடையது. அரியலூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாகைக்கோ கடலூருக்கோ பேருந்து ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு போர்க்கப்பலைப் பற்றி எழுத வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். 'நேவித் தாத்தா' என்றால்தான் ஊரில் தெரியும். 1973ஆம் ஆண்டு, பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு திருச்சிக்குப் போய்க் கடற்படையில் சேர்ந்தவர். மராட்டியத்தில் லோனாவாலா என்னும் ஊரிலுள்ள ஐ.என்.எஸ். சிவாஜி பயிற்சி நிலையத்தில் இயந்திர வேலை கற்று, 'ஐ.என்.எஸ். நீலகிரி' என்னும் போர்க்கப்பலின் கொதிகலன் அறையில் பணிபுரிந்தார். பதினைந்து ஆண்டுகள் முடித்து ஊர் திரும்பி இப்பொழுது இரண்டு ஏக்கரில் மக்காச்சோளமும் பருத்தியும் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், அவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் படித்துச் சொல்வதும், நவம்பர் மாதம் பிறந்தால் ஓய்வூதியத்திற்கான வாழ்நாள் சான்றிதழுக்கு அவரை அழைத்துப் போவதும் என் வேலை.

2025ஆம் ஆண்டு ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசிய பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. மும்பையில் இரண்டு போர்க்கப்பல்களையும் ஒரு நீர்மூழ்கியையும் பிரதமர் நாட்டுக்கு ஒப்படைக்கிறார் என்றார்கள். சூரத், நீலகிரி, வாக்ஷீர் என்று பெயர்கள் வந்தன. நீலகிரி என்ற பெயர் காதில் விழுந்ததும் தாத்தா கையிலிருந்த கரும்பைக் கீழே வைத்துவிட்டார்.

"பேரு நம்ம கப்பல் பேரு. ஆனா இது வேற கப்பல் தம்பி. நம்ம கப்பல் எழுபத்திரெண்டுல வந்தது."

"அந்தக் கப்பல் என்ன ஆச்சுங்க தாத்தா?"

"என்ன ஆகும்? பம்பாயில உடைச்சு இரும்பு வெலைக்குப் போட்டிருப்பாங்க."

நான் கைப்பேசியை எடுத்துத் தேடிப் படித்தேன். உடைக்கவில்லை. 1996இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நீலகிரியை, 1997 ஏப்ரல் 24 அன்று நம் கடற்படையின் சீ ஹாரியர் விமானம் ஒன்று சீ ஈகிள் என்னும் ஏவுகணையால் தாக்கி மூழ்கடித்தது. பயிற்சிக்கான இலக்காகக் கப்பலை வைத்தார்கள்.

தாத்தா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உள்ள ஆளு யாரும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். "டாங்க் எண்ணெயெல்லாம் வடிச்சுட்டுத்தானே அடிச்சிருப்பாங்க?" என்றார். "ஒரே அடியில போயிடுச்சா?" என்றார். கடைசியாக, "ஏம்ப்பா, நம்ம கப்பல நாமளே ஏன் அடிக்கணும்?" என்று கேட்டார்.

இயற்பியல் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவன், அன்று பதில் தெரியாமல் விழித்தேன். நண்பர்களே, அதற்குப் பிறகு நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடிப் படித்து அவருக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீலகிரி சாதாரணக் கப்பல் அன்று. இந்தியாவில் கட்டப்பட்ட முதல் பெரிய போர்க்கப்பல் அதுவே. பிரிட்டனின் 'லியாண்டர்' வகைக் கப்பலின் வரைபடத்தை வைத்துக்கொண்டு பம்பாய் மசகான் கப்பல் தளத்தில் 1966 அக்டோபர் 23 அன்று வேலையைத் தொடங்கினார்கள். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1968 அக்டோபர் 23 அன்று, அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அதைக் கடலில் இறக்கினார். 1972 ஜூன் 3 அன்று அது படையில் சேர்ந்தது. நீளம் 113 மீட்டர். நாம் விளையாட்டு விழாவில் ஓடும் 100 மீட்டர் பாதையைவிடச் சற்று அதிகம். முழுச் சுமையோடு எடை ஏறத்தாழ 3,000 டன். இரண்டு கொதிகலன்கள், நீராவிச் சுழலிகள், 30,000 குதிரைத்திறன். அதன்பின் ஹிம்கிரி, உதயகிரி, தூனகிரி, தாராகிரி, விந்தியகிரி என்று 1981 வரை ஐந்து தங்கைகள் அதே தளத்தில் பிறந்தன. எல்லாவற்றிற்கும் மலைகளின் பெயர். நீலகிரியில் அத்தனை ஆண்டுகள் வெந்து கிடந்த நேவித் தாத்தா இன்றுவரை ஊட்டிக்குப் போனதில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீலகிரின்னா எனக்கு வேர்வைதான் ஞாபகம் வரும்" என்பார்.

ஒரு போர்க்கப்பல் முதுமை அடைந்தபின் அதற்கு முன்னால் சில வழிகளே உண்டு. முதல் வழி உடைப்பது. குஜராத்தில் ஆலங் என்னும் கடற்கரையில் பெரிய அலையேற்றத்தின்போது கப்பலைக் கரையில் ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி, இரும்பை உருக்கு ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். 2017இல் ஓய்வு பெற்ற விமானந்தாங்கிக் கப்பல் விராட் 2020 செப்டம்பரில் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வழி, காட்சியகம் ஆக்குவது. விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா என்னும் நீர்மூழ்கி அவ்வாறு நிற்கிறது. ஆனால் இதற்குப் பணம் வேண்டும். அதுவும் ஒருமுறை அன்று, ஆண்டுதோறும். 1971 போரில் பெயர்பெற்ற பழைய விக்ராந்த் 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றது. பம்பாயில் சில காலம் காட்சியகமாக இருந்தது. பராமரிக்க முடியாமல் 2014இல் உடைத்தார்கள். அதன் இரும்பில் ஒரு பகுதியை உருக்கி மோட்டார் சைக்கிள் செய்து 2016இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஒரு நிறுவனம்! மூன்றாவது வழிதான் இலக்கு. விக்ராந்த் ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் நீலகிரி இலக்கானது.

இலக்கு என்றால் மரச்சட்டத்தையோ மிதவையையோ கயிற்றில் கட்டி இழுத்துச் சுடக்கூடாதா? சுடுகிறார்கள்; அன்றாடப் பயிற்சி அவ்வாறுதான் நடக்கிறது. ஆனால் மிதவையில் பட்டதா இல்லையா என்பதை மட்டுமே அறியலாம். ஏவுகணை என்பது இலக்கைத் தானே தேடிக்கொள்ளும் கருவி. அதன் மூக்கிலுள்ள ராடார் அனுப்பும் அலைகள் உண்மையான கப்பலின் பாய்மரக்கம்பம், பீரங்கி மேடை, புகைபோக்கி ஆகியவற்றில் பட்டுப் பலவாறு சிதறித் திரும்பும். அந்தச் சிதறலை மரச்சட்டம் தராது. மேலும், எஃகுத் தகட்டைத் துளைத்து உள்ளே போய் வெடிக்கும்படி நேரம் வைத்த வெடி சரியான நேரத்தில் வெடித்ததா, எந்த அறை பிளந்தது, எந்தத் தடுப்புச் சுவர் தாங்கியது என்பனவெல்லாம் கப்பலால் மட்டுமே தெரியும். நெல் குத்திப் பார்க்காமல் உமி எவ்வளவு என்று சொல்ல முடியுமா?

இந்த வழக்கம் நேற்று வந்ததன்று. முதல் உலகப்போரில் தோற்ற செர்மனியிடமிருந்து பெற்ற ஆஸ்ட்பிரீஸ்லாந்து என்னும் பெரும் போர்க்கப்பலை, 1921 சூலை 21 அன்று அமெரிக்காவின் பில்லி மிட்செல் தலைமையில் விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. விமானம் போர்க்கப்பலை வெல்லாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்று முதல் யோசிக்கத் தொடங்கினார்கள். கப்பலின்மேல் விழுந்த குண்டுகளைவிடப் பக்கத்து நீரில் விழுந்த குண்டுகளே அதிகக் கேடு செய்தன என்பது அதில் கிடைத்த பாடம். நீர் அமுங்காப் பொருள் என்று நாம் படிக்கிறோமே, அதுதான் காரணம். வெடிப்பின் அழுத்தத்தை நீர் அப்படியே கொண்டுபோய்க் கப்பலின் அடித்தகட்டில் அறைந்துவிடும். 1946இல் பிகினித் தீவில் அணுகுண்டுக்கே பழைய கப்பல்களைக் கூட்டமாக நிறுத்தி வைத்தார்கள். அதைப்பற்றி எழுதப் புகுந்தால் இந்த மலரில் இடம் போதாது.

நம் நாட்டிலும் நீலகிரியோடு இது முடிந்துவிடவில்லை. 2010 மார்ச் 21 அன்று ஐ.என்.எஸ். ரண்வீரிலிருந்து செங்குத்தாகச் செலுத்தப்பட்ட பிரமோஸ் ஏவுகணை, மிதந்துகொண்டிருந்த பழைய கப்பலைத் துளைத்தது. 2020 அக்டோபரில் அரபிக்கடலில் ஐ.என்.எஸ். பிரபல் செலுத்திய ஏவுகணை ஒரு பழைய கப்பலை மூழ்கடித்தது. அதே மாத இறுதியில் வங்காள விரிகுடாவில் ஐ.என்.எஸ். கோரா இன்னொன்றைத் தீப்பற்ற வைத்தது. 2024 சூலையில் ஹவாய்த் தீவுகளுக்கு அருகே பல நாடுகள் கலந்துகொண்ட 'ரிம்பேக்' பயிற்சியில் தராவா என்னும் 250 மீட்டர் நீளமுள்ள அமெரிக்கக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அந்தப் பயிற்சிக்கு நம் ஐ.என்.எஸ். சிவாலிக்கும் போயிருந்தது.

இனித் தாத்தாவின் கேள்விகளுக்கு வருவோம்.

"உள்ள ஆளு யாரும் இல்லையே?" என்று அவர் ஏன் முதலில் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் படையில் சேர்ந்த காலத்தில் 'கப்பல் மூழ்கியது' என்றால் மாலுமிகளுக்கு ஒரே பொருள்தான். 1971 டிசம்பர் 9 அன்று, தியூ கடற்கரைக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹாங்கோர் என்னும் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குக்ரியைத் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலோடு போனார்கள். கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வெளியேறவில்லை. பயிற்சிக் காலத்தில் மூத்தவர்கள் இரவில் இந்தக் கதையைத்தான் சொல்வார்களாம். கொதிகலன் அறையோ கப்பலின் அடிவயிற்றில், நீர்மட்டத்திற்குக் கீழே இருக்கிறது. ஏணியில் ஏறித்தான் வெளியே வரவேண்டும். "குக்ரி கதையக் கேட்ட அன்னிலேர்ந்து ஏணிக்கு எத்தன படின்னு எண்ணி வச்சுக்கிட்டேன்" என்றார். எத்தனை என்று கேட்டேன். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் உடனே சொன்னார்: "பதினேழு."

இலக்குக் கப்பலில் ஆள் கிடையாது. இழுவைப் படகு அதை நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பிவிடும். அந்தப் பகுதிக்குள் வர வேண்டாமென்று வணிகக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் முன்னரே அறிவிப்பு போகும்.

எண்ணெயைப் பற்றி அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. எண்ணெய்த் தொட்டிகளைக் காலி செய்து கழுவ வேண்டும். வெடிமருந்து, பாதரசம் உள்ள கருவிகள், மீண்டும் பயன்படும் உறுப்புகள் ஆகியவற்றை அகற்ற வேண்டும். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. கரையிலிருந்து 50 கடல் மைல் தள்ளி, குறைந்தது 6,000 அடி ஆழமுள்ள இடத்தில்தான் மூழ்கடிக்கலாம். அப்படியிருந்தும் பழைய மின்கம்பி உறைகளில் பி.சி.பி. என்னும் நச்சுப்பொருள் தங்கிவிடுகிறது, அது மீன்களின் உடலில் சேர்கிறது என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் அங்கே நீதிமன்றம் வரை சென்றன. உடைப்பது மட்டும் தூய்மையான வேலை என்று எண்ணிவிட வேண்டாம். அக்காலக் கப்பல்களில் நீராவிக் குழாய்களைச் சுற்றிக் கல்நார் பொதிந்திருப்பார்கள். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. பிரான்சு நாட்டின் கிளமென்சோ என்னும் கப்பலை உடைப்பதற்காக ஆலங்குக்கு அனுப்பியபோது, இந்தக் கல்நாரினால் எழுந்த எதிர்ப்பில் 2006இல் பாதி வழியில் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று. ஆகவே முதிய கப்பலை எங்கே அனுப்பினாலும் யாருக்கோ சுமைதான்.

"ஒரே அடியில போயிடுச்சா?" இதற்குத்தான் நம் இயற்பியல் வேண்டியிருக்கிறது.

சீ ஈகிள் ஏவுகணையின் எடை ஏறத்தாழ 580 கிலோ. ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகம். விநாடிக்கு 290 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கடல் நீரை உரசுவதுபோல் சில மீட்டர் உயரத்திலேயே பறந்து வரும். பூமி உருண்டையாக இருப்பதால் கப்பலின் ராடார் அதைத் தொலைவிலேயே பார்க்க முடியாது. ராடார் 20 மீட்டர் உயரத்திலும் ஏவுகணை 5 மீட்டர் உயரத்திலும் இருந்தால் சுமார் 27 கிலோமீட்டரில்தான் ஒன்றையொன்று காணும். அந்தத் தொலைவைக் கடக்க ஏவுகணைக்கு ஒன்றரை நிமிடம். பிரமோஸ் என்றால் அரை நிமிடம்கூட இல்லை. ஒரு டம்ளர் தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மோதும்போது அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? பாதி நிறை, அதோடு வேகத்தின் இருபடி. கணக்கிட்டால் ஏறத்தாழ 240 இலட்சம் ஜூல் வரும். எண் பெரிதாக இருக்கிறதே தவிரப் பொருள் விளங்காது. நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு அரியலூர்ச் சாலையில் நம்மை ஓரம் கட்டுகின்றனவே அந்த லாரிகள், 30 டன் எடையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொண்டால், அத்தகைய ஆறு லாரிகள் ஒரே நொடியில் ஓரிடத்தில் மோதுவதற்குச் சமம். அதுவும் ஒரு கை அகலத்தில். தகடு கிழிந்து ஏவுகணை உள்ளே போய்விடும். பிறகுதான் அதற்குள்ளிருக்கும் 230 கிலோ வெடிப்பகுதி வெடிக்கும். மோதலின் ஆற்றல் கதவைத் திறக்கும் சாவி. வேலையை முடிப்பது வெடிமருந்து.

இவ்வளவு பட்டும் கப்பல் உடனே மூழ்கிவிடும் என்று சொல்ல முடியாது. 3,000 டன் கப்பல் 3,000 டன் கடல்நீரை, அதாவது 2,900 கன மீட்டருக்கும் மேற்பட்ட நீரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு மிதக்கிறது. இது ஆர்க்கிமிடீஸ் சொன்னது. தொட்டி நீரில் ஒரு பித்தளைச் சொம்பை மிதக்கவிட்டு அதன் கழுத்தில் ஓட்டை போடுங்கள், ஒன்றும் ஆகாது. அடிப்பக்கம் ஓட்டை போட்டால்தான் நீர் ஏறும். ஏவுகணை பெரும்பாலும் நீர்மட்டத்திற்கு மேலேதான் தாக்குகிறது. மேலும் போர்க்கப்பலின் உட்புறம் சொம்பைப் போல ஒரே வெற்றிடம் அன்று. மூங்கிலைப் போலக் கணுக்கணுவாகத் தடுத்திருப்பார்கள். மூங்கிலின் ஒரு கணுவில் நீர் புகுந்தாலும் மற்றக் கணுக்கள் மிதக்கவைக்கும். இரண்டு மூன்று கணுக்கள் ஒருசேரப் போனால்தான் ஆபத்து.

இன்னொன்று உண்டு. உண்மைப் போரில் கப்பலை அழிப்பது பல சமயம் எதிரியின் வெடியைவிட, அதன் வயிற்றிலிருக்கும் சொந்த எண்ணெயும் சொந்த வெடிமருந்துமே. இலக்குக் கப்பலில் இவை இல்லை. ஆகவே எரிய ஒன்றுமில்லாத அந்த வெற்றுக் கூடு முரட்டுத்தனமாக மிதக்கும். அதே சமயம், ஓட்டையை அடைக்கவும் நீரை இறைக்கவும் உள்ளே ஒருவரும் இல்லை. ஆளிருந்தால் பிழைத்துவிடும் காயத்தில்கூட மெல்ல மெல்ல நீர் புகுந்து ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பிறகு மேல்தளத்துக் கதவுகளும் காற்றுத் துளைகளும் நீருக்குள் போகும். அதன்பின் அதிக நேரம் ஆகாது.

இதைச் சொன்னபோது தாத்தா தலையை ஆட்டினார். "நாங்க இருந்திருந்தா இறைச்சிருப்போம்" என்றார். நான் ஆற்றலையும் அழுத்தத்தையும் பற்றிச் சொல்ல, அவர் நினைத்தது வாளியையும் பம்பையும்.

அமெரிக்கா என்றே பெயர் கொண்ட ஒரு விமானந்தாங்கிக் கப்பல் அமெரிக்கக் கடற்படையில் இருந்தது. 1965 முதல் 1996 வரை பணி செய்தது. புதிய விமானந்தாங்கிகளை வடிவமைப்பதற்காக அதை இலக்காக்க முடிவு செய்தபோது, அதில் பணியாற்றிய முன்னாள் வீரர்கள் பலர் எதிர்த்தார்கள்; நாட்டின் பெயரைத் தாங்கிய கப்பலைக் காட்சியகமாக வையுங்கள் என்றார்கள். ஏற்கப்படவில்லை. ஆனால் 2005 பிப்ரவரியில் பிலடெல்பியாத் துறைமுகத்தில் அவர்களை அழைத்து வழியனுப்பு விழா ஒன்று நடத்தினார்கள். அதன்பின் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வெடி வைத்துச் சோதித்து, 2005 மே 14 அன்று மூழ்கடித்தார்கள். அது கிடக்கும் இடத்தையும் ஆழத்தையும் பின்னர் வெளியிட்டார்கள். ஆழம் 16,860 அடி. கல்லறை எங்கே என்று தெரிந்துகொள்வதில் ஒரு நிம்மதி இருக்கும்போலும்.

உடைப்பதா, மூழ்கடிப்பதா என்று கேட்டால் முன்னாள் வீரர்களே இரு பிரிவாக நிற்பதைப் படித்தேன். நம் கையாலேயே அடிப்பதா என்று வெதும்புவோர் ஒரு பக்கம். காயலான் கடை இரும்பாவதைவிட, கடைசி நாளிலும் இளைய வீரர்களுக்குப் பயன்பட்டுக் கடலுக்குள் போவது மேல் என்போர் மறுபக்கம். நேவித் தாத்தா எந்தப் பக்கம் என்று அறிய ஆவலாக இருந்தேன். நேராகப் பதில் சொல்லவில்லை. தன் வீட்டு உழவு மாட்டைப் பற்றிச் சொன்னார். "அடிமாட்டுக்கு அனுப்ப மனசு வரல. தோட்டத்துலயே சாவட்டும்னு வச்சிருந்தேன். செத்தப்புறம் குழி வெட்டறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்றார். இதை நான் இரண்டு பக்கத்திற்கும் பொருத்திப் பார்த்துவிட்டேன், இரண்டுக்கும் பொருந்துகிறது.

என் கருத்தைக் கேட்டால், பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சுட்டுப் பார்க்காத ஏவுகணையை நம்பி ஒரு கப்பலில் 250 பேரைக் கடலுக்கு அனுப்பக்கூடாது. ஆனால் கப்பலோடு சேர்த்து மூழ்கிவிடும் மற்றொரு பொருளைப்பற்றித்தான் எனக்குக் கவலை. நீராவிக் கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது. புதிய நீலகிரியில் டீசலும் எரிவாயுச் சுழலியும். பழைய நீலகிரியின் நீளமும் எடையும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. அதன் கொதிகலன் அறைக்கு ஏணிப்படி பதினேழு என்பது அதில் ஏறி இறங்கியவர்கள் மனத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்திலிருந்து அந்நாளில் கடற்படைக்குப் போனவர்கள் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். நம் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட இராசேந்திரன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான். அவன் வென்ற ஊர்களின் பெயர்கள் தஞ்சைக் கல்வெட்டில் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கப்பல்களில் துடுப்பு வலித்தவன் ஒருவன் பெயராவது நமக்குத் தெரியுமா?

கடலடியில் கப்பல் என்னவாகும் என்றும் தாத்தா ஒருநாள் கேட்டார். எஃகு துருப்பிடிக்கும். ஆழத்தில் குளிரும் இருட்டும் இருப்பதால் மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். இரும்பைத் தின்னும் நுண்ணுயிரிகளும் உண்டு. டைட்டானிக் கப்பலின் துருவிலிருந்து அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து 2010இல் அந்தக் கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மேலே வண்டல் படியும். சிப்பியும் பவளமும் ஒட்டும். இதை அவருக்கு விளக்க நான் அதிகம் பாடுபடவில்லை. நம் அரியலூர் மண்ணே பழைய கடலடிதான். கள்ளங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. காரையில் மழை அரித்த செம்மண் பள்ளங்களில் நடந்தால் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் காலில் இடறுகின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கடலில் அடித்துவரப்பட்டு, வண்டலில் புதைந்து, கல்லாகவே கிடக்கிறது. அதன் வயது 12 கோடி ஆண்டு என்கிறார்கள். "அப்ப நான் கடல விட்டு வந்து, மறுபடியும் கடல்லயேதான் மக்காச்சோளம் போட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லு" என்று சிரித்தார்.

இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கோடு போட்ட நோட்டோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். சென்ற வாரம், ஆறிக் கிடக்கும் கொதிகலனைப் பற்றவைப்பது எப்படி என்று சொன்னார். நங்கூரம் தூக்குவதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கிவிட வேண்டுமாம். கண்ணாடிக் குழாயில் நீர்மட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. மட்டம் கீழே போனால் குழாய்கள் வெந்துவிடும். மேலே போனால் நீராவியோடு நீரும் கலந்து போய்ச் சுழலியின் இறகுகளை உடைத்துவிடும். புகை கறுத்தால் காற்றுப் போதவில்லை. வெளுத்தால் காற்று அதிகம். 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறிய நீராவி கண்ணுக்குத் தெரியாது. எங்கேயாவது ஒழுகும் ஓசை கேட்டால் கையை நீட்டக்கூடாது. துடைப்பக்கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க வேண்டும், கட்டை எங்கே அறுபடுகிறதோ அங்கேதான் ஓட்டை. வெப்ப இயக்கவியலில் நிறைவுற்ற ஆவி, மீவெப்ப ஆவி என்று நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது இதைத்தான் என்று அப்பொழுதுதான் புரிந்தது.

மூன்று பக்கம் எழுதினேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "அந்த வால்வு இடப்பக்கமா, வலப்பக்கமா" என்று கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையைத் திருப்பிப் பார்த்தார். வலப்பக்கம் என்று எழுதச் சொன்னார். அடுத்த ஞாயிறு சுழலி அறை.